சோப்புத்தூள் டிமாண்ட் ஏறினா பங்கும் ஏறுமா? எல்ஏபி சொல்லித் தரும் கணக்கு



போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. "அண்ணா, போனஸ் 1,20,000 ரூபாய் வந்திருக்கு. டிடர்ஜெண்ட்டுக்கு மூலப்பொருளான எல்ஏபிக்கு உலகம் முழுக்க டிமாண்ட் ஏறிக்கிட்டே போகுதாம். அதைத் தயாரிக்கிற கம்பெனி நம்ம மணலியிலேயே இருக்கு. மொத்தத்தையும் போட்டுடலாமா?" கூடவே ஒரு டெலிகிராம் குரூப் ஸ்கிரீன்ஷாட். அதில் பெரிய எழுத்தில் "உலகச் சந்தை இத்தனை பில்லியன் டாலர் ஆகும்" என்று ஒரு நம்பர், பக்கத்தில் மேலே போகும் பச்சை அம்பு. மெசேஜின் கடைசி வரியில், போகிற போக்கில், "கார்டு பாக்கி ஒரு 45,000 இருக்கு, அதைப் பாத்துக்கலாம்" என்றும் எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எல்ஏபி.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. பாடம் நடத்துகிறவர்கள் கடைசி மூணு மாத பங்கு விலையை எடுத்துப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சொல்லியிருக்கிறது. அதனால் இன்றைய விலை, டார்கெட் எதுவும் இங்கே வராது. தொழில் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

எல்ஏபி என்றால் என்ன?

லீனியர் ஆல்கைல் பென்சீன். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும் ஒரு எண்ணெய். இதைக் கந்தக ட்ரையாக்சைடோடு வினைபுரிய வைத்தால் கெட்டியான பழுப்பு நிற அமிலம் கிடைக்கும். நம்ம ஊரில் சின்ன அளவில் சோப்பு ஆயில், பவுடர் தயாரிக்கிறவர்களைக் கேளுங்கள், "ஆசிட் ஸ்லரி" என்பார்கள். அதுதான் இது. அதோடு காஸ்டிக் சோடாவோ சோடா ஆஷோ சேர்த்தால் நுரை வரும், அழுக்கு போகும். உங்கள் வீட்டு வாஷிங் பவுடர், துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பார் எல்லாவற்றிலும் வேலை செய்கிற ஆள் பெரும்பாலும் இவர்தான். உலகத்தில் தயாராகிற எல்ஏபியில் கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஒரே வேலைக்குத்தான் போகிறது. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன்.

பெயரில் ஏன் "லீனியர்"? 1950களில் இதற்குப் பதிலாகக் கிளை கிளையாகப் பிரிந்த மூலக்கூறு கொண்ட ஒரு சரக்கைப் பயன்படுத்தினார்கள். அழுக்கை நன்றாகத்தான் எடுத்தது. ஆனால் ஆற்றில் கலந்தபின் பாக்டீரியாவால் அதைச் சிதைக்க முடியவில்லை. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்க ஆறுகளில் மலை மாதிரி நுரை. ஜெர்மனி சட்டம் போட்டது, 1960களின் நடுவில் தொழிலே நேர்க்கோட்டு மூலக்கூறுக்கு மாறியது. அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதுதான் ராஜா.

அப்போ டிமாண்ட் இருக்கிறதா? இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். துணி துவைப்பதை யாரும் நிறுத்தப் போவதில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பார் சோப்பிலிருந்து பவுடருக்கும், பவுடரிலிருந்து லிக்விடுக்கும் மக்கள் நகர்கிறார்கள். வாஷிங் மெஷின் இல்லாத வீட்டுக்கு மெஷின் வருகிறது. டெலிகிராம் குரூப் சொன்னதில் இந்தப் பாதி உண்மை. பிரச்சினை மீதிப் பாதியில்.

அந்த பில்லியன் டாலர் நம்பரை உடைத்துப் பார்ப்போம்

"சந்தை இத்தனை பில்லியன் டாலர் ஆகும்" என்பதில் இரண்டு விஷயம் ஒட்டியிருக்கிறது. எத்தனை டன் என்பது ஒன்று, ஒரு டன் என்ன விலை என்பது இன்னொன்று.

கணக்குக்காக ஒரு டன் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 லட்சம் டன் என்றால் 6 பில்லியன் டாலர். கச்சா எண்ணெய் விலை ஏறி, ஒரு டன் 1,800 டாலர் ஆகிவிட்டது. அதே 40 லட்சம் டன் இப்போது 7.2 பில்லியன். சந்தை 20 சதவீதம் "வளர்ந்துவிட்டது". ஆனால் உலகத்தில் யாரும் ஒரு சட்டைகூட அதிகமாகத் துவைக்கவில்லை! தயாரிக்கிறவருக்கும் மூலப்பொருள் செலவு ஏறியிருப்பதால் கையில் நிற்பது கூடியிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். இலவசமாகக் கிடைப்பது விளம்பரச் சுருக்கம், முழு ரிப்போர்ட் ஆயிரக்கணக்கான டாலர். அஞ்சு கம்பெனி ரிப்போர்ட்டைத் திறந்தால் அஞ்சு நம்பர் இருக்கும். ஆரம்ப ஆண்டின் சந்தை அளவே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதை வைத்து போனஸை முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்ணெண்ணெயில் தொடங்கும் கதை

எல்ஏபியின் லாபத்தைப் புரிந்துகொள்ள அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் மண்ணெண்ணெயிலிருந்து நார்மல் பாரஃபின் என்ற பகுதியைப் பிரித்தெடுக்கிறார்கள். மீதி மண்ணெண்ணெய் திரும்ப ரீஃபைனரிக்கே போய்விடும். பிரித்த பாரஃபினைப் பதப்படுத்தி பென்சீனோடு இணைத்தால் எல்ஏபி. ஒரு டன் எல்ஏபியில் எடைக்கணக்கில் மூணில் ஒரு பங்கு பென்சீன், மீதி பாரஃபின் வழியாக வந்தது.

அதனால்தான் இந்த ஆலைகள் ரீஃபைனரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். டிட்கோவும் ஸ்பிக்கும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் மணலியில் இருக்கிறது, பக்கத்திலேயே சென்னை பெட்ரோலியம். இந்தியன் ஆயிலின் ஆலை வதோதராவில், அதன் குஜராத் ரீஃபைனரியோடு ஒட்டியே. முன்பு செப்சா என்ற பெயரில் இருந்து 2024-ல் மோவே என்று பெயர் மாறிய ஸ்பெயின் கம்பெனி உலகின் பெரிய எல்ஏபி தயாரிப்பாளர்களில் ஒன்று. அதன் ஸ்பெயின் ஆலையும் ரீஃபைனரிக்கு அருகில்தான்.

இப்போ கவனிக்க வேண்டிய இடம். மண்ணெண்ணெய்க்கு இன்னொரு பெரிய வாடிக்கையாளர் இருக்கிறார், விமானம். விமானத்துக்கு ஊற்றுகிற ஏடிஎஃப் அடிப்படையில் மண்ணெண்ணெய்தான். அதாவது துணி சோப்பு கம்பெனியும் விமானக் கம்பெனியும் ஒரே பீப்பாயின் ஒரே பகுதிக்கு வரிசையில் நிற்கிறார்கள். மக்கள் நிறையப் பறந்தால் மண்ணெண்ணெய் விலை ஏறும், எல்ஏபி தயாரிக்கும் செலவும் ஏறும். துணி துவைக்கும் டிமாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2020-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். கொரோனா, விமானங்கள் தரையில். ஏப்ரலில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் ஃப்யூச்சர்ஸ் விலை பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. அதே சமயம் நாமெல்லாம் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். ஆபீஸ் சட்டை அழுக்காகவே இல்லை, லாப்டாப் கேமராவுக்கு மேலே சட்டை, கீழே லுங்கி. ஹிந்துஸ்தான் யூனிலீவரே அந்தச் சமயத்தில் துணி துவைக்கும் பொருட்களின் விற்பனை மந்தம் என்று சொன்னது. டிமாண்ட் கதையின்படி பார்த்தால் எல்ஏபி கம்பெனி அடி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் மணலி கம்பெனியின் 2020-21 லாபம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. 2021-22-ல் இன்னும் மேலே போனது.

அடுத்தது தலைகீழ். 2022-ல் உக்ரைன் போர், கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல், விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்தன. அந்த ஜூனில் டெல்லியில் ஏடிஎஃப் கிலோலிட்டர் 1.4 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நாமும் ஆபீஸுக்குத் திரும்பினோம், சட்டை அழுக்கானது, துவைத்தோம். ஆனால் 2022-23, 2023-24 இரண்டு ஆண்டிலும் அந்தக் கம்பெனியின் லாபம் இறங்கியது.

டிமாண்ட் மந்தமான காலத்தில் லாபம் ஏறியது, துவைப்பு பழைய நிலைக்கு வந்த காலத்தில் இறங்கியது. இதில் விலைவாசி, இறக்குமதி, கம்பெனியின் மற்ற பொருட்கள் என்று பல காரணங்கள் கலந்திருக்கின்றன. ஆனால் "டிமாண்ட் ஏறினால் லாபம் ஏறும்" என்ற ஒற்றை வரியால் இந்த நாலு வருஷத்தை விளக்கவே முடியாது.

ஸ்ப்ரெட்: இதைத்தான் பார்க்கணும்

விற்கும் விலையிலிருந்து மூலப்பொருள் செலவைக் கழித்தால் நிற்பதற்குப் பெயர் ஸ்ப்ரெட். கெமிக்கல் தொழிலில் இருக்கிறவர்கள் காலையில் எழுந்ததும் பார்ப்பது இதைத்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. கிலோ 130 ரூபாய்க்கு விற்கிறார்கள். மண்ணெண்ணெய், பென்சீன் செலவு 95. ஸ்ப்ரெட் 35. கரண்ட், எரிபொருள், சம்பளம், வட்டி எல்லாம் 25. லாபம் 10 ரூபாய். 100 கிலோ விற்றால் லாபம் 1,000.

அடுத்த வருஷம் டிமாண்ட் 5 சதவீதம் ஏறுகிறது, 105 கிலோ விற்கிறார்கள். ஆனால் மூலப்பொருள் விலை 5 ரூபாய் கூடி, அதை வாடிக்கையாளரிடம் வாங்க முடியவில்லை. ஸ்ப்ரெட் 30, லாபம் கிலோவுக்கு 5. மொத்தம் 525. டிமாண்ட் 5 சதவீதம் மேலே, லாபம் கிட்டத்தட்ட பாதியாகக் கீழே. ஸ்ப்ரெட் 5 ரூபாய் விரிந்திருந்தால் இதே 105 கிலோவில் லாபம் 1,575. ஒரே டிமாண்ட்தான், 525-ம் வரலாம், 1,575-ம் வரலாம்.

அந்த 5 ரூபாயை ஏன் வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது என்று கேட்பீர்கள். எல்ஏபிக்குப் பிராண்ட் கிடையாது. மணலி எல்ஏபியும் கத்தார் எல்ஏபியும் தரத்தில் ஒன்றுதான் என்றால், வாங்குகிறவர் துறைமுகத்தில் வந்து இறங்கும் விலையைக் காட்டித்தான் பேரம் பேசுவார். உள்ளூர் தயாரிப்பாளர் அதற்கு மேல் அதிகம் கேட்க முடியாது. 2017-ல் சீனா, ஈரான், கத்தாரிலிருந்து வரும் எல்ஏபி மீது இந்தியா ஆன்டி டம்பிங் டூட்டி போட்டது. அடக்கத்துக்கும் நியாய விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பதற்கான வரி அது. அப்படி ஒரு வரி இருக்கும்போது உள்ளூர் கம்பெனி கொஞ்சம் மூச்சு விடும், அது போனால் மூச்சு வாங்கும். அரசு ஒரு நோட்டிஃபிகேஷன் போட்டால் மாறிவிடக்கூடிய லாபம்.

வாங்குகிறவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. பெரிய எஃப்எம்சிஜி கம்பெனிகள். அவர்களிடம் இரண்டு ஆயுதம் உண்டு. ஒன்று, மாற்று. பாமாயில் வழியாகக் கிடைக்கும் சர்ஃபாக்டண்டுகள் இருக்கின்றன, எஸ்எல்இஎஸ் இருக்கிறது. எல்ஏபி ரொம்ப ஏறினால் ஃபார்முலாவில் விகிதத்தை மாற்றிக்கொள்வார்கள். மலிவு பவுடரில் ஸ்லரியைக் குறைத்து சோடா ஆஷையும் உப்பையும் கூட்டுவதும் உண்டு. இரண்டாவது ஆயுதம் உங்களுக்கே தெரியும். பத்து ரூபாய் பாக்கெட் எப்பவும் பத்து ரூபாய்தான், உள்ளே இருக்கும் கிராம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். செலவு ஏறினால் அவர்களுக்கு நம் தலையில் கட்ட வழி இருக்கிறது. எல்ஏபி தயாரிப்பாளருக்கு அந்த வசதி இல்லை.

இதை நிர்மா அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் சைக்கிளில் வைத்து விற்க ஆரம்பித்த பவுடர் அது. வளர்ந்தபின் எல்ஏபி ஆலையையும் சோடா ஆஷ் ஆலையையும் தானே குஜராத்தில் கட்டிக்கொண்டது. தனக்குத் தேவையானதைத் தானே தயாரித்தால் ஸ்ப்ரெட் இடது பாக்கெட்டில் குறைந்தால் வலது பாக்கெட்டில் கூடும். (நிர்மா இப்போது பங்குச்சந்தையில் இல்லை, தேடாதீங்க. ரிலையன்ஸும் எல்ஏபி தயாரிக்கிறது, ஆனால் அந்தக் கடலில் இது ஒரு வாளி. அதை நம்பி ரிலையன்ஸ் வாங்க முடியாது.)

டிமாண்ட் உண்மையிலேயே ஏறி, லாபமும் நன்றாக வந்தால்? அப்போதும் ஒரு சிக்கல். அந்த நல்ல லாபத்தை நீங்களும் நானும் மட்டும் பார்ப்பதில்லை. வளைகுடாவிலும் சீனாவிலும் இருக்கிறவர்களும் பார்க்கிறார்கள். ஆலையை விரிவாக்குவார்கள். மணலி கம்பெனியே 1.2 லட்சம் டன்னை 1.45 லட்சமாக்கும் திட்டத்தை அறிவித்தது. எல்லோருக்கும் ஒரே யோசனை ஒரே நேரத்தில் வரும், எல்லோருடைய புது ஆலையும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். அப்போது சரக்கு மிஞ்சும், ஸ்ப்ரெட் சுருங்கும்.

பி.இ. 4 என்றால் மலிவா?

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ரெண்டாவது வேலையில் இருந்தபோது, ஒரு சர்க்கரைக் கம்பெனி பங்கு பி.இ. 4-ல் கிடைக்கிறது என்று சந்தோஷமாக வாங்கினேன். நல்ல கம்பெனிக்கு 25, 30 கொடுக்கிறார்கள், நமக்கு 4-ல் லட்டு மாதிரி கிடைத்திருக்கிறது என்று நினைப்பு.

பங்கு 100 ரூபாய், ஒரு பங்குக்கு லாபம் 25. பி.இ. 4. அடுத்த வருஷம் லாபம் 6 ரூபாய் ஆனது. பங்கு 60-க்கு வந்தது. இப்போது பி.இ. 10. விலை 40 சதவீதம் விழுந்தும் பங்கு முன்னைவிட "காஸ்ட்லி". நம்பர்களை எளிமையாக்கியிருக்கிறேன், ஆனால் வலி அதே வலிதான். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் இந்த மாதிரி சைக்கிளிக்கல் பங்குகளின் பி.இ. தரையில் கிடக்கும். சந்தைக்கு அந்த லாபம் நிற்காது என்று தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. பீட்டர் லிஞ்ச் தன் புத்தகத்தில் சைக்கிளிக்கல் கம்பெனிகளைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார். நான் அதைப் படித்தது வாங்கியபின்.

அப்போ எதைப் பார்ப்பது? ஒரு ஆண்டறிக்கை போதாது. பத்து வருஷ அறிக்கைகளை எடுத்து வைத்து, லாப நஷ்டக் கணக்கில் "நுகர்ந்த மூலப்பொருட்களின் செலவு" என்ற வரியை விற்பனையால் வகுத்து வரிசையாக எழுதுங்கள். அந்த சதவீதம் ஏறும் வருஷமெல்லாம் லாபம் இறங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். அதன்பின் பத்து வருஷ லாபத்தின் சராசரியை எடுத்து, இன்றைய மொத்த பங்கு மதிப்பை அதோடு ஒப்பிடுங்கள். கடைசி வருஷ லாபத்தோடு மட்டும் ஒப்பிட்டால் என் சர்க்கரைக் கதைதான். ஆலை எத்தனை சதவீதம் ஓடுகிறது, இறக்குமதி வரி நிலவரம் என்ன என்பதை நிர்வாகம் எழுதும் விளக்கப் பகுதியில் தேடுங்கள். கம்பெனிக்கு வேறு தொழில் இருக்கிறதா என்பதும் முக்கியம். மணலி கம்பெனி காஸ்டிக் சோடாவும் புரோப்பிலீன் ஆக்சைடும் தயாரிக்கிறது, அவற்றுக்குத் தனித்தனி சைக்கிள் உண்டு.

இரண்டு சனிக்கிழமை வேலை இது. இதைச் செய்தபின் வாங்கத் தோன்றினால் வாங்குவது உங்கள் விருப்பம். மணலி கம்பெனி மோசம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 1984-லிருந்து பல ஏற்ற இறக்கங்களைத் தாண்டி நிற்கிற கம்பெனி. பொறுமையாக, ஸ்ப்ரெட் சுருங்கி யாருமே பேசாத நேரத்தில் வாங்கி, எல்லோரும் பேசும்போது விற்கிறவர்கள் இதில் சம்பாதிக்கிறார்கள். டெலிகிராமில் பச்சை அம்பு வந்துவிட்டது என்றால் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தம்பியின் கடைசி வரி

இப்போ அந்த 45,000. கார்டு பாக்கியை மினிமம் டியூ மட்டும் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்று திரும்பக் கேட்டேன். ஆமாம் என்றார். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,575 ரூபாய். வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி இன்னும் 283 ரூபாய். மாதம் 1,850 ரூபாய்க்கு மேல், வருஷத்துக்கு அசலில் கிட்டத்தட்ட பாதி. எந்த எல்ஏபி சைக்கிளும் வருஷா வருஷம் தவறாமல் இந்த அளவு திருப்பித் தராது. அதை அடைப்பதில் ஸ்ப்ரெட் பார்க்க வேண்டாம், மண்ணெண்ணெய் விலை பார்க்க வேண்டாம்.

கட்டிவிட்டார், ரசீதும் அனுப்பினார். மீதி 75,000-ல் அறுபதை அவசர நிதிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார், இவ்வளவு நாள் அது இல்லாமலேயே இருந்திருக்கிறார் மனுஷன். பதினைந்தாயிரம் "விளையாட" வைத்துக்கொள்கிறேன் அண்ணா என்றார். சரி, பத்து வருஷ அறிக்கையையும் முதலில் டவுன்லோடு பண்ணி அந்த மூலப்பொருள் வரியை எழுதி எனக்கு அனுப்புங்க, அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அந்த ஷீட்டைத் திரையில் போட்டு வரிசை வரிசையாகப் பார்ப்போம். நீங்களும் ஒன்று தயார் பண்ணி வையுங்கள்.